பால் கறை படியாத பக்கங்கள்

"1957 ஜூன் 9, ஞாயிறு. இரண்டாம் பாகம் திரும்பியது. இருபத்தெட்டு நாள் தாமதம். பக்கங்கள் 150 முதல் 204 வரையும் 219 முதல் 260 வரையும் பால் கறை, விரல் தடம். 205 முதல் 218 வரை சுத்தம். அபராதம் இல்லை."

எங்கள் வாசிகசாலையின் சேதப் பதிவேட்டில் என் கையெழுத்தில் உள்ள குறிப்பு இது. நூலகப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, புத்தகங்களை எப்படி அடுக்குவது, அட்டை எப்படி எழுதுவது என்பதையெல்லாம் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இந்தச் சில வரிகளைப் பற்றி மட்டுமே. இதை நான் பலமுறை எழுதத் தொடங்கி நிறுத்தியிருக்கிறேன். இம்முறையும் முடிவில் ஓர் இடம் வெறுமையாகவே நிற்கும் என்று முன்பே சொல்லிவிடுகிறேன்.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்குப் பக்கத்தில், கடைத்தெரு முடியுமிடத்தில் எங்கள் வாசிகசாலை இருந்தது. ஒரே அறை, நான்கு அலுமாரி, நான் ஒருவன். 1957 தொடக்கத்தில் மதராசிலிருந்து ஒரு நாவல் மூன்று பாகமாக வந்து சேர்ந்தது. நானுஓயா ஸ்டேஷனில் பார்சலை நானே போய் எடுத்தேன். நாவலின் பெயரை எழுதப் போவதில்லை. அதற்கு முன் இரண்டு வருடம் அது ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்திருந்தது. அதன் கதாநாயகி இளவேனி. அட்டன் கடையொன்றில் 'இளவேனி சேலை' என்றே விற்றார்கள். சலூனில் முடி வெட்டிக்கொண்டே இளவேனி செய்தது சரியா தவறா என்று சண்டை போட்டார்கள். அந்த வருடம் பிறந்த பெண் குழந்தைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் என்று நான் கணக்கெடுக்கவில்லை, எடுத்திருக்க வேண்டும். பார்சலைப் பிரித்த அன்றே காத்திருப்போர் பட்டியலில் நாற்பத்து மூன்று பெயர்.

நான் மூன்று பாகத்தையும் ஐந்து நாளில் படித்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை பேர் கொண்டாடும் ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை என்பதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். வாசலில் ஒரு பலகை இருந்தது. புதுப் புத்தகங்களைப் பற்றி நான் அதில் சிறு கருத்துரை எழுதி ஒட்டுவது வழக்கம். மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை இதைப் பற்றி ஒன்று ஒட்டினேன். நகல் என்னிடம் உள்ளது. அதிலிருந்து:

"முதல் பாகத்தில் மட்டும் பதினேழு அத்தியாயங்கள் கதவு தட்டப்படும் ஓசையோடு முடிகின்றன. தட்டுவது யார் என்று அறிய அடுத்த அத்தியாயத்துக்குப் போனால், பெரும்பாலும் தபால்காரன். வாசகரை இழுத்துப் போவதற்கு இதைவிட மலிவான உபாயம் இல்லை. இந்நாவலுக்குச் செலவிடும் நேரத்தில் ஒருவர் வேறு எதைச் செய்தாலும் அது பயனுள்ளதாகவே இருக்கும்."

கீழே என் கையெழுத்து, தேதி. கடைசி வாக்கியத்தை நான் இரண்டு முறை திருத்தி எழுதினேன். அவ்வளவு பிடித்திருந்தது.

பட்டியலில் ஐந்தாவது பெயர் அருளாயி. திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக்காம்பரா ஆயா. தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. ஞாயிறு பூசை முடிந்து கடைத்தெருவுக்கு வரும்போது புத்தகம் எடுப்பார். மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும், விதவை, ஒரு மகள். முதல் பாகத்தைச் சரியான நாளில் திருப்பித் தந்தார். ஏப்ரல் 28 இரண்டாம் பாகத்தை எடுத்தார். மே 12 திருப்ப வேண்டியது. வரவில்லை.

மே 20, திங்கட்கிழமை தோட்டத்து ஆபிசிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. பிள்ளைக்காம்பரா ஆயா வேலை நேரத்தில் தொழிலாளிப் பெண்களுக்கு நாவல் படித்துக் காட்டுவதாகவும், அதனால் அவர்கள் மலைக்குத் திரும்பத் தாமதமாவதாகவும் கண்டாக்கு ஐயா முறையிட்டிருக்கிறார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விசாரணை. இணைக்கப்பட்டுள்ள கருத்துரை தங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்த நேரில் வரவும்.

இணைப்பு, என் பலகையிலிருந்து அழகான கையெழுத்தில் பெயர்த்தெழுதிய நகல். கடைசி வாக்கியத்தின் கீழ் சிவப்பு மையில் கோடு.

கண்டாக்கு ஐயா எங்கள் உறுப்பினர். தோட்டத்தில் வெளிமலை, அதாவது கொழுந்தெடுக்கும் மலை வேலை முழுவதும் அவர் மேற்பார்வையில். நல்ல வாசகர், கெட்ட மனிதரும் அல்ல. மே மாதம் கொழுந்து பொங்கும் காலம். ஒவ்வொரு கையும் மலையில் வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு சாட்சி. நான் முன்கூட்டியே எழுதி, கையெழுத்திட்டு, வாசலில் ஒட்டி வைத்திருந்தேன். அருளாயிக்கு வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். மகளோடு எங்கே போவார் என்பது கடிதத்தில் இல்லை.

என்ன செய்யலாம் என்று இரண்டு நாள் அலைந்தேன். அலுமாரியைத் திறப்பேன், மூடுவேன். கருத்து மாறிவிட்டது என்று சொல்லலாம், அது பொய். நாவல் மட்டமானதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கையெழுத்து என்னுடையதல்ல என்று சொல்லலாம். அதை ஊரே பார்த்திருக்கிறது. போகாமல் இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன். போகாவிட்டால் அந்த நகல் எனக்காகப் பேசும்.

மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது: அங்கே என்ன நடக்கிறதென்று நான் பார்த்ததே இல்லை. தோட்டத்துக்குள் வெளியாள் நினைத்தபடி போக முடியாது. ஆனால் தவணை கடந்த புத்தகத்தை வாங்கப் போகலாம். மே 23, வியாழக்கிழமை, வாசிகசாலையைப் பூட்டிவிட்டு, வாச்சரிடம் தவணைச் சீட்டைக் காட்டி உள்ளே போனேன்.

பிள்ளைக்காம்பரா ஒரு நீண்ட தகரக் கூரை அறை. குறுக்கே கம்பு கட்டி சாக்குத் தொட்டில்கள். ஒரு மூலையில் பால்மா கரைக்கும் பெரிய சட்டி. சுவரில் பிள்ளைகளின் எடையை எழுதும் பலகை. அருளாயி என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"புத்தகத்துக்கு வந்தீங்களாங்கய்யா? இன்னும் முடியலைங்க."

"சனிக்கிழமை விசாரணையாமே."

"சொன்னாங்க." ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்தார். "பலகையில எழுதியிருந்தீங்களே, நா படிச்சேங்க."

"கோபமா?"

"கோபமில்லீங்க. பதினேழு தடவ கதவு தட்டுறாங்கன்னு எழுதியிருந்தீங்க. நா எண்ணுனதுல பதினாறுதான். ஒண்ணு ஜன்னல்."

பதில் சொல்வதற்குள் பத்து மணிச் சங்கு ஊதியது. காலை பத்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் தாய்மார் வந்து பாலூட்டிப் போகலாம், கால் மணி நேரம், என்பது அந்தத் தோட்டத்து ஏற்பாடு. ஏற்பாடு காகிதத்தில் இருந்தது. மேல் மலையிலிருந்து இறங்கி ஏறினால் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் முழு நாளுக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் கூலிதான் விழும். ஆகவே பலர் காலையில் வருவதில்லை, பன்னிரண்டு மணி இடைவேளைக்கு வந்தால் போதும் என்று இருந்துவிடுவார்கள். இதைப் பிறகு அருளாயி எனக்குச் சொன்னார். நான் அன்று பார்த்தது வேறு. சங்கு ஊதி நான்கு நிமிடத்தில் பதினொரு பெண்கள் ஓடி வந்தார்கள். ஓடி என்றால் ஓடித்தான். மழை ஈரத்தில், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு.

"ஆரம்பிச்சிட்டீங்களாக்கா?" என்றாள் முதலில் வந்த பெண். பெயர் மீனாச்சி.

"மொதல்ல கையக் கழுவு. புள்ளைய எடு. அப்பறந்தான் இளவேனி."

"கங்காணி விட மாட்டேன்னாரு. பன்னெண்டுக்குப் போயிக்கலாம்னாரு."

"நீ என்னா சொன்ன?"

"ஒங்க நெரையையும் நானே எடுக்குறேன், நீங்க போயி பால் குடுத்துட்டு வாங்கன்னேன்."

சிரிப்பு அடங்குவதற்குள் பதினொரு குழந்தைகளும் மடிக்குப் போய்விட்டன. நான் வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அருளாயி ஒரு கையில் பால் புட்டியும் மறு கையில் என் வாசிகசாலைப் புத்தகமுமாகப் படிக்கத் தொடங்கினார். அந்த நாவலின் மாளிகை வருணனை ஐந்து பக்கம் போகும். அவர் அதை "பெரிய ஊடு, தொரை பங்களாவவிட ரெண்டு மடங்கு" என்று முடித்துவிட்டு அடுத்த பக்கம் போனார்.

முந்திய நாள் வராத ஒருத்தி கேட்டாள்: "நேத்து என்னக்கா ஆச்சு?"

"வராதவளுக்குக் கதை இல்ல. ஒம் புள்ள நேத்துப் பத்து மணிக்கு எப்பிடி அழுதுச்சுன்னு வேணும்னா சொல்றேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் கடிகாரத்தை மடியில் வைத்திருந்தேன். பதினைந்து நிமிடம் ஆனது, அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு குழந்தையாக விட்டு விலகியது. பத்தொன்பதாம் நிமிடம் கடைசிக் குழந்தை, ஒரு நோஞ்சான், குடித்து முடித்துத் தலையைத் திருப்பியது. அருளாயி வாக்கியத்தின் நடுவில் புத்தகத்தை மூடினார். யாரும் கெஞ்சவில்லை. எழுந்து போனார்கள். கதவு தட்டப்பட்டுக்கொண்டிருந்தது, திறப்பதற்கு மறுநாள் பத்து மணிக்கு வர வேண்டும்.

கண்டாக்கு ஐயா சொன்ன தாமதம் நான்கு நிமிடம். அது நாவலின் நீளம் அல்ல, ஒரு நோஞ்சான் குழந்தையின் பசியின் நீளம்.

வெள்ளிக்கிழமையும் போனேன். ஒரு நாள் பார்த்ததை வைத்துச் சாட்சி சொல்லக் கூடாது. அன்றைய அத்தியாயம் எனக்குத் தெரியும்: பக்கம் 205. இளவேனியின் கைக்குழந்தை ஜன்னி கண்டு இறந்துபோகும். பதினான்கு பக்கம். தமிழ்நாட்டில் இதைப் படித்து அழாதவர் இல்லை என்று விளம்பரமே செய்தார்கள். பதினொரு குழந்தைகள் பால் குடித்துக்கொண்டிருக்கும் அறையில் இதைப் படிப்பார்களா? எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

அருளாயி தொடங்கினார். குழந்தைக்குக் காய்ச்சல். வைத்தியர் வரவில்லை. வண்டி போகிறது, ஆறு பெருக்கெடுத்து ஓடுகிறது. வார்த்தைகள் நாவலின் வார்த்தைகள் போலவே இருந்தன. பிறகு விடிந்தது, காய்ச்சல் இறங்கியது, குழந்தை பாலுக்கு அழுதது. மீனாச்சி தன் குழந்தையின் தலையைத் தடவினாள். ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். நான் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு நிமிடத்தில் ஒரு பக்கம்கூடப் புரளவில்லை.

சனிக்கிழமை ஆபிசில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மேசைக்குப் பின்னால் இருந்தார். கண்டாக்கு ஐயா நின்றார், நான் நின்றேன், அருளாயி வாசற்படிக்கு வெளியே நின்றார். துரை எல்லோரையும் 'நீ' என்றுதான் சொல்வார். அவர் கற்ற தமிழில் அதற்கு மேல் சொல் இல்லை.

"இது நீ எழுதினதா?"

"ஆமாம், சேர்."

"புஸ்தகம் நல்லதா, மோசமா?"

"மோசம், சேர்."

கண்டாக்கு ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வெளியே அருளாயி அசையவில்லை.

"நான் எழுதினதுல ஒரு பிழை இருக்கு, அதைத் திருத்திடுவேன். மத்தபடி புத்தகத்தைப் பத்தின என் கருத்து அதேதான். ஆனா கடைசி வரிக்கு நான் பொறுப்பேற்க முடியாது, சேர். அந்த நேரத்துல என்ன நடக்குதுன்னு பாக்காம எழுதினது." கடிகாரக் குறிப்பை மேசையில் வைத்தேன். வியாழன், பத்தொன்பது நிமிடம். வெள்ளி, பதினெட்டு. இரண்டு நாளும் பதினொரு பேர். "கடைசிக் குழந்தை குடிச்சு முடிச்சதும் படிக்கிறது நின்னுடுது. முன்னாடி பத்து மணிக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு கண்டாக்கு ஐயாவுக்குத் தெரியும்."

துரை அவரைப் பார்த்தார். "எத்தினி?"

"மூணு நாலு பேர், சேர்," என்றார் கண்டாக்கு ஐயா. அவர் பொய் சொல்லவில்லை. இதை நான் எப்போதும் குறிப்பிட்டு வந்திருக்கிறேன். ஆனால் விடவும் இல்லை. "அதத்தான் நானும் சொல்றேன், சேர். முன்ன நாலு பேர் எறங்குன மலையில இப்ப பதினோரு பேர் எறங்குறாங்க. இன்னொண்ணு. அந்தக் கதையில புள்ள சாகுற எடம் ஒண்ணு இருக்கு. நா பொஸ்தகத்துல படிச்சிருக்கேன். பச்சப் புள்ளைய மடியில வச்சிருக்கிற பொம்பளைங்களுக்கு அதப் படிச்சுக் காட்டலாங்களா? லைபிரேரியன் சொல்லட்டும்."

துரை என் பக்கம் திரும்பினார். அந்தக் கணத்தை நான் இன்னும் பல முறை வாழ்ந்து பார்க்கிறேன். அந்த இடத்தை அருளாயி மாற்றிச் சொன்னார் என்று நான் சொன்னால், கண்டாக்கு ஐயாவின் கேள்வி விழுந்துவிடும். ஆனால் ஆயா புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு இட்டுக்கட்டிச் சொல்கிறாள் என்றாகும், அவள் பேச்சை இனி யார் நம்புவது. படித்தார் என்றால், கல்நெஞ்சுக்காரி. வாசற்படியைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

"அந்த அத்தியாயம் நேத்துதான் வந்துச்சு, சேர். நான் அங்க இருந்தேன். யாரும் பயப்படல. எல்லாரும் பால் குடுத்துட்டுத்தான் எழுந்திருச்சாங்க."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. முழுவதும் உண்மையா என்பது வேறு.

துரை எடைப் பலகையைக் கொண்டுவரச் சொன்னார். அருளாயியே போய்த் தூக்கி வந்தார். மார்ச் முதல் எண்கள் மேலே போயிருந்தன. அதற்கு நாவல்தான் காரணமா என்று துரை கேட்டார். அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை என்றேன். அவர் சிரித்ததாக ஞாபகம், குறிப்பில் இல்லை. பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் பாலூட்டும் நேரம் இனி இருபது நிமிடம் என்று எழுதிக் கண்டாக்கு ஐயாவிடம் நீட்டினார். ஆயா வேலையில் இருக்கலாம்.

கண்டாக்கு ஐயா படியில் என்னோடு இறங்கினார்.

"மூணாம் பாகம் யார்கிட்டங்க இருக்கு?" என்றார்.

"ஏன்?"

"வீட்ல வரிசையில இருக்காங்க. பன்னெண்டாவது பேரு. தெனம் என் உசுர வாங்குறாங்க."

பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்பும் பாதையில் அருளாயி நின்றிருந்தார். கண்டாக்கு ஐயா போகும்வரை காத்திருந்து கேட்டேன்.

"புத்தகத்துல அந்தக் குழந்தை செத்துப்போகுதே, அம்மா."

"தொடரா வந்தப்ப சாவலைங்கய்யா. நா அப்பவே வாராவாரம் படிச்சவ. பொழைச்சுக்கிருச்சு. பொஸ்தகமாப் போடறப்பத்தான் கொன்னுட்டாங்க." எடைப் பலகையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டார். "எனக்குப் பழசுதானுங்க ஞாபகம்."

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அன்று பிற்பகல், திரும்பி வந்திருந்த முதல் பாகத்தில் மறுபடி எண்ணினேன். பதினாறு கதவு, ஒரு ஜன்னல். பலகையில் என் கருத்துரையைக் கிழிக்கவில்லை. எண்ணைத் திருத்தினேன். கடைசி வாக்கியத்தை ஒரே கோட்டால் அடித்தேன், கீழே உள்ளது தெரியும்படி. பக்கத்தில் எழுதினேன்: "இது தனியே உட்கார்ந்து, சத்தமின்றி, ஐந்து நாளில் படித்தவரின் கருத்து. 25.5.1957."

கொண்டாடும் அளவுக்கு அந்த நாவலில் ஒன்றுமில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நான் மலிவு என்று எழுதிய அந்த உபாயம்தான் மேல் மலையிலிருந்து ஏழெட்டுத் தாய்மாரைக் கீழே இறக்கியது. உங்கள் கவுண்டரில் ஒருவர் ஒரு புத்தகத்துக்காக நாற்பது பெயருக்குப் பின்னால் காத்திருந்தால், அது நல்லதா கெட்டதா என்று சொல்வதற்கு முன், எங்கே வைத்துப் படிக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்டிருக்கவில்லை.

இனி அந்த வெற்றிடம். வாரப் பத்திரிகையின் பழைய இதழ்களை நான் தேடத் தொடங்கியது 1958இல். எங்கள் கட்டுத் தொகுப்பில் அந்த வருட இதழ்களே இல்லை. நுவரெலியாவில் ஒரு நண்பரிடம் அந்த வாரத்துக்கு முந்திய இதழும் பிந்திய இதழும் மட்டும் இருந்தன. முந்தியதில் குழந்தைக்குக் காய்ச்சல். பிந்தியதில், முன்கதைச் சுருக்கத்தில், "அந்த இரவுக்குப் பின் இளவேனி பழைய இளவேனி அல்ல" என்று மட்டும் இருக்கிறது. அது இரண்டுக்கும் பொருந்தும். தொடரைப் படித்தவர்களைக் கேட்டேன், ஆளுக்கொன்று சொன்னார்கள். பதிப்பகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. 205 முதல் 218 வரை பக்கங்கள் சுத்தமாக இருப்பதும் எதையும் நிறுவாது. தொடரை ஞாபகத்திலிருந்து சொன்னாலும், அந்தக் கணத்தில் தானே ஒரு குழந்தையைப் பிழைக்க வைத்தாலும், அந்தப் பக்கங்கள் அப்படியேதான் இருந்திருக்கும்.

தொடரில் அந்தக் குழந்தை பிழைத்ததா என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. அந்த இதழ் உங்களில் யார் கண்ணிலாவது பட்டால், பக்க எண்ணோடு எனக்கு எழுதுங்கள்.